பம்ப் நின்றால் குழாய் வற்றும்

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் தண்ணீருக்கு ஒரு நிதி, மின்சாரத்துக்கு ஒரு நிதி. இரண்டுக்கும் மக்கள் சம்மதம் கொடுத்தது 2023 நவம்பரில், ஒரே வாக்கெடுப்பில். ஆரம்ப ஒதுக்கீடு தண்ணீருக்கு நூறு கோடி டாலர், எரிசக்திக்கு ஐந்நூறு கோடி.

எரிசக்திக்கு ஏன் அவ்வளவு? 2021 பிப்ரவரியில் அடித்த பனிப்புயல்தான். மின்சாரம் நாள்கணக்கில் போனது. அரசுக் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். ஆனால் அதே வாரத்தில் ஒரு கோடிக்கும் அதிகமானவர்களிடம் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்றும் சொன்னார்கள். மின்சாரம் போனால் பம்ப் நிற்கும், பம்ப் நின்றால் குழாயில் அழுத்தம் இறங்கும். அது 20 பிஎஸ்ஐக்கு (பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) கீழே போனதும் மண்ணில் இருக்கும் அழுக்குத் தண்ணீர் குழாயின் விரிசல் வழியே உள்ளே வரலாம். அதற்காகத்தான் அந்த அறிவிப்பு.

அப்புறம் சட்டம் வந்தது. மின்வெட்டிலும் தண்ணீர் கொடுப்பதற்கு ஒவ்வொரு குடிநீர் நிறுவனமும் அவசரத் திட்டம் எழுதித் தரவேண்டும். எழுதலாம், சரி. ஜெனரேட்டர் வாங்கப் பணம்?

2025 நவம்பரில் இன்னொரு வாக்கெடுப்பு. 2027 முதல் 20 ஆண்டுகளுக்கு, விற்பனை வரியிலிருந்து ஆண்டுக்கு நூறு கோடி டாலர் வரை தண்ணீர் நிதிக்குப் போகும். வரியை உயர்த்தவில்லை. ஆனால் அந்த வரி வசூல் ஓர் ஆண்டில் 4,650 கோடி டாலரைத் தாண்டிய பிறகு வருவதில்தான் இந்தப் பங்கு. வியாபாரம் படுத்தால் தண்ணீருக்கு ஒன்றும் வராது. நல்ல நிலத்தடி நீரைக் குழாய் போட்டு வேறிடத்துக்குக் கொண்டுபோக இந்தப் பணத்தைத் தொடக்கூடாது என்றும் விதி உண்டு. எங்கள் தண்ணீரை நகரம் உறிஞ்சிவிடும் என்று கிராமத்தார் பயந்ததில் நியாயம் இருக்கிறது.

எரிசக்தி நிதியில் புதிய மின்நிலையம் கட்ட, செலவில் 60 சதவீதம் வரை 3 சதவீத வட்டிக்குக் கடன் கிடைக்கும். இவ்வளவு சலுகை இருந்தும் விண்ணப்பித்தவர்கள் சிலர் விலகிப்போனார்கள். பணம் கையில் இருந்தாலும் மின்சாரம் உண்டாக்கச் சுழலும் டர்பைன் இயந்திரம் உடனே கிடைக்காது.

என் குறை வேறு. தண்ணீர் நிதியை நடத்துவது நீர்வள மேம்பாட்டு வாரியம். மருத்துவமனை, குடிநீர் நிலையம் போன்ற அவசிய இடங்களுக்கு மாற்று மின்சாரம் தரும் திட்டமோ எரிசக்தி நிதியில், பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின் கையில். மூன்று நான்கு ஊழியர்களோடு ஓடும் சிற்றூர்க் குடிநீர் அலுவலகம் குழாய்க்கு ஓர் இடத்திலும் பம்பின் மின்சாரத்துக்கு இன்னோர் இடத்திலும் மனுப் போடவேண்டும். இரண்டுக்கும் ஒரே விண்ணப்பம் போதும் என்று சட்டமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரில் திருத்தம் கொண்டுவரலாம். அதற்குக் கோடிகள் தேவைப்படாது.