13 வர வேண்டிய இடத்தில் 15

வணக்கம் நண்பர்களே. இன்று நேராக விஷயத்துக்கு வருகிறேன். மூன்று இரவுத் தூக்கத்தைத் தின்ற பக் (நிரல் பிழை) ஒன்றை நேற்றுப் பிடித்துவிட்டேன்!

நான் எழுதிய நிரலில் ஒரு பயனர் தன் போன் எண்ணைப் போட்டால் "தவறான எண்" என்று வருகிறது. அதே எண்ணை நான் தட்டினால் போகிறது. அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கி ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை. எண்ணின் வடிவத்தைச் சரிபார்க்கும் ரெஜெக்ஸை நான்கு தடவை மாற்றி எழுதினேன். கடைசியில்தான் எண்ணின் நீளத்தை லாகில் (நிரலின் பதிவில்) போட்டுப் பார்த்தேன். இடைவெளி, கோடு எல்லாம் எடுத்த பிறகும், பிளஸ் குறியையும் சேர்த்து 13 எழுத்து வர வேண்டிய இடத்தில் 15 நிற்கிறது. நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன்.

அவர் கான்டாக்ட்ஸிலிருந்து காப்பி செய்து ஒட்டியிருக்கிறார். எண்ணுக்கு முன்னால் யூ+202ஏ, பின்னால் யூ+202சி என்ற யூனிகோடு எழுத்துகள். எழுத்து ஓடும் திசையைச் சொல்லும் குறிகள், கண்ணுக்குத் தெரியாது. ஆ, சொல்ல மறந்துவிட்டேன், ட்ரிம் முதல் நாளே போட்டிருந்தேன். அது வெற்றிடத்தைத்தான் வெட்டும், இவை அந்தக் கணக்கில் வராது.

போன வீடியோவுக்குக் கீழே பலர் "இலக்கங்களை மட்டும் எடுத்து இன்டிஜரில் போடுங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம், எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. நாட்டுக் குறியீட்டைத் டேட்டாபேஸில் தனி நெடுவரிசையில் வைத்து, மீதியை இன்டிஜராக, அதாவது முழு எண்ணாக, மாற்றினால் ரோம் நகரத் தரைவழி எண் என்ன ஆகும்? அங்கே +39-க்கு அப்புறமும் 06 என்றே அழைக்க வேண்டும். முழு எண்ணில் முன்னால் வரும் பூஜ்யம் நிற்காது, அது போனால் எண்ணே போச்சு. போன் எண்களைக் கையாளும் கூகுளின் நிரல் தொகுப்பான லிப்போன்நம்பர் உள்ளே முழு எண்ணாகத்தான் வைக்கிறது, அதனாலேயே 'இட்டாலியன் லீடிங் ஸீரோ' (இத்தாலிய முன்பூஜ்யம்) என்று தனி ஃபீல்டு தேவைப்பட்டிருக்கிறது. அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

எண்ணின் நீளத்தையும் நிரலில் பூட்டி வைக்காதீர்கள். ஐவரி கோஸ்ட் 2021 ஜனவரி 31 அன்று 8 இலக்கத்திலிருந்து 10-க்கு மாறியது. போன் எண்களுக்கான சர்வதேசத் தரமான இ.164 சொல்வது உச்சவரம்பு மட்டும்தான்: நாட்டுக் குறியீடு சேர்த்து 15 இலக்கம். அப்புறம், +1 பார்த்தால் அமெரிக்கா என்று முடிவு கட்டாதீர்கள். கனடாவும் ஜமைக்காவும் அதே குறியீடுதான்.

சரி, என் தீர்வைச் சொல்லவில்லையே. கண்ணுக்குத் தெரியாத அந்தக் குறிகளை முதலில் நீக்குகிறேன், பிறகு லிப்போன்நம்பர் வழியாக இ.164 வடிவத்துக்கு மாற்றி, பிளஸ் குறியோடு ஸ்டிரிங்காக (எழுத்துத் தொடராக) சேமிக்கிறேன். பயனர் ஒட்டியதை அப்படியே வேறொரு நெடுவரிசையில் வைக்கிறேன். அது மட்டும் முதல் நாளே இருந்திருந்தால் இந்த 15-ஐ அன்றைக்கே பார்த்திருப்பேன்.