வட்டமாக உட்காரும் பரிசோதனை

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கமிருந்து வந்திருக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கு வணக்கம்.

கர்ப்பிணிப் பரிசோதனை நாளில் நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 18, 19 வயதுப் பெண் இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருக்கிறாள். உள்ளே அவளுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். "நல்லாத் தூங்குறியாம்மா?" என்று கேட்டால், பதில் சொல்வது கூட வந்த மாமியார்! அந்தக் காத்திருக்கும் நேரத்தையே பரிசோதனையாக்குவதுதான் குழு முறை.

அமெரிக்க மகப்பேறு செவிலியர் ஷாரன் ஷிண்ட்லர் ரைசிங் 1990-களில் வகுத்த வடிவம் இது. பிரசவ மாதம் ஒத்துவரும் 8 முதல் 12 பேர், 10 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். வந்தவுடன் தன் எடையைத் தானே பார்த்து, பிரஷரைத் தானே எடுத்து, அட்டையில் தானே எழுத வேண்டும். வயிறு பார்ப்பதும் குழந்தையின் துடிப்பு கேட்பதும் அதே கூடத்தின் மூலையில், திரைக்குப் பின்னால், ஆளுக்கு மூன்று நான்கு நிமிடம். பிறகு பேச்சு. இளம்பெண்களை 28 வயதுக்காரிகளோடு சேர்க்காதீர்கள். மூத்தவள் புத்தி சொல்லத் தொடங்கினால் சின்னவள் வாய் திறக்க மாட்டாள்.

எங்கே உட்காருவது? நம் ஊர் வீட்டு நடுமுற்றமான வளவு தோதாகத்தான் தெரியும். ஆனால் நாலு பக்கமும் அறைக்கதவு. பங்காளி வீட்டுக் காதெல்லாம் அங்கேதான் இருக்கும். அங்கன்வாடி மையமோ, பள்ளி விட்ட பிறகு ஒரு வகுப்பறையோ போதும்.

மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1987-இல் வந்த எடின்பரோ வினாத்தாள் தமிழிலும் உண்டு. கடந்த 7 நாளைப் பற்றி 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண், மொத்தம் 30. களைப்பு, பசியின்மை பற்றி அதில் கேள்வியே இல்லை. கர்ப்பமே அவற்றைக் கொண்டுவரும் என்பதால்தான். ஆனாலும் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் அதையும் சேர்த்துக் கவனியுங்கள்; ரத்தசோகைக்காரியும் சோர்ந்து ஒதுங்கித்தான் உட்கார்ந்திருப்பாள்.

இந்தத் தாளை வட்டத்தில் உரக்க வாசிப்பதுதான் பெரிய பிழை. எல்லோரும் 0 என்பார்கள். எழுத்து வராதவளைத் திரைக்குப் பின்னால் அழைத்து, ஒவ்வொரு கேள்வியாகப் படித்துக் காட்டுங்கள். மொத்தம் 10 வந்தால் இரண்டு வாரத்தில் மறுபடி பாருங்கள். 13-ஐத் தொட்டால் மருத்துவரிடம் அனுப்புங்கள். கூட்டுத்தொகையைப் பார்க்குமுன் பத்தாம் கேள்வியைப் பாருங்கள். தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணம் பற்றியது அது. அங்கே 0 தவிர எது இருந்தாலும் அவளைத் தனியே அனுப்பக் கூடாது. அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இரவிலும் எடுக்கும்.

குழு மட்டும் மருந்தாகிவிடாது. அமெரிக்காவில் 14 முதல் 25 வயது வரையுள்ள 1,047 பேரிடம் நடந்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது, வழக்கமான தனிப் பரிசோதனையில் 13.8 சதவீதமாக இருந்த குறைப்பிரசவம் குழுவில் 9.8 ஆக இருந்தது. மனச்சோர்வைப் பொறுத்தவரை, தொடக்கத்திலேயே மன அழுத்தம் மிகுந்திருந்தவர்களிடம்தான் பலன் தெரிந்தது என்று அதன் தொடர்ச்சி 2011-இல் காட்டியது. ஆகவே அதிகம் வாக்குறுதி தராதீர்கள்.

18 நிரம்பாதவள் என்றால் 2012-இன் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவித்தாக வேண்டும். தாலி ஏறியிருந்தாலும் விலக்கில்லை. இதை அவள் மனம்விட்டுப் பேசுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பேசிய பிறகு தெரிந்தால், நாம் காட்டிக்கொடுத்ததாகவே நினைப்பாள். அடுத்த மாதம் வரவே மாட்டாள்.

இன்னொன்று, அந்த அமெரிக்க வடிவத்தில் இல்லாதது. வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீடு போய்விடுவாள். கடைசி மாதங்களில் அமர்வு நெருங்கி வர வேண்டிய நேரத்தில்தான் வட்டம் உடைகிறது. அதனால் மனநிலை பற்றிய பேச்சை ஐந்து, ஆறாம் மாதங்களிலேயே முடித்துவிடுங்கள். வளைகாப்பு நாள் தெரிந்தவுடன் அவளுடைய கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண்ணையும் மதிப்பெண்ணையும் தாய்வீட்டுப் பக்கத்துச் செவிலியரிடம் போனில் சொல்லுங்கள். தாளில் எழுதிப் பெண் கையில் கொடுத்தால், அது சேலை மடிப்புக்குள்ளேயே கிடந்துவிடும்.