குளிர்ந்த நீரில் நீச்சல் சவால்: வாரம் ஒரு நிமிடம் கூட்டலாமா?

சரி, அடுத்த கேள்வி. "குளிர்காலம் முழுக்க வாரம் இரண்டு முறை ஏரியில் நீந்துவது என்று நண்பர்களோடு சேர்ந்து சவால் எடுத்திருக்கிறேன். இப்போது உடம்பு பழகிவிட்டது. வாரம் ஒரு நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாமா? தண்ணீரில் இருக்கும்போது நடுக்கமே இல்லை, கரைக்கு வந்து பத்து நிமிடம் கழித்துத்தான் பல் கிடுகிடுக்கிறது, ஏன்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

கூட்ட வேண்டாம், குறைத்துக்கொண்டே வாருங்கள். வாரத்துக்கு வாரம் தண்ணீரின் குளிர் ஏறிக்கொண்டே போகிறது, 12 டிகிரியில் சுகமாக இருந்த அதே பத்து நிமிடம் 5 டிகிரியில் வேறு கதை.

உடம்பு பழகிவிட்டது என்கிறீர்கள் இல்லையா, அதில் பாதி உண்மை. குளிர்ந்த நீரில் இறங்கியதும் மூச்சு குப்பென்று உள்ளே இழுக்கும், அப்புறம் கட்டுப்பாடில்லாமல் வாங்கும், இதயம் படபடக்கும். முதல் அரை நிமிடம்தான் உச்சம், ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடும். அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் மூச்சோடு தண்ணீரும் உள்ளே போகும், அதனால்தான் குதிக்காதீர்கள், மெதுவாக இறங்குங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நாலைந்து முறை இறங்கி ஏறினாலே இந்த அதிர்ச்சி நன்றாகக் குறைந்துவிடும். உங்களுக்குப் பழகியிருப்பது இதுதான். தண்ணீர் உடம்புச் சூட்டை உறிஞ்சுவது அப்படியேதான் நடக்கிறது, காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக. குளிர் உறைக்கவில்லை என்பதை வைத்து நேரத்தைக் கூட்டுகிறவர்கள்தான் எனக்குக் கவலை தருகிறார்கள்.

உணர்வை நம்பாமல் கையைப் பாருங்கள். சுண்டு விரல் பக்கத்து விரலோடு சேராமல் தனியே விலகி நிற்கிறதா, விரல்களை நீட்டிச் சேர்க்க முடியாமல் கை கொக்கி மாதிரி வளைகிறதா, உடனே கரைக்குத் திரும்புங்கள். கை நரம்பும் தசையும் குளிர்ந்துவிட்டால் எவ்வளவு நல்ல நீச்சல்காரராக இருந்தாலும் கை வீச்சு சுருங்கும், கால் கீழே இறங்கும். கரை பத்தடியில் இருக்கும்போதே இது நடக்கும்.

இப்போது அந்த நடுக்கம். தண்ணீரில் இருக்கும்போது தோலுக்கும் கைகால்களுக்கும் போகும் ரத்தக் குழாய்களை உடம்பு சுருக்கி, சூட்டை நடுவில் காப்பாற்றுகிறது. நீங்கள் வெளியே வந்த பிறகும் அந்தக் குளிர்ந்த வெளிப்பகுதி உள்ளிருக்கும் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் உள் வெப்பநிலை கரையேறிய பிறகும் கொஞ்ச நேரம் இறங்கும். நீங்கள் சொல்லும் பத்து நிமிடக் கணக்கு இதுதான். அந்தப் பத்து நிமிடத்தை வீணாக்காதீர்கள்: படம் எடுப்பது, பேசுவது எல்லாம் அப்புறம், முதலில் ஈரத்துணியைக் கழற்றித் துடைத்து, மேல் உடம்பிலிருந்து உடுத்துங்கள். பட்டன் இல்லாத தளர்வான சட்டை, கம்பளித் தொப்பி, விரல் மரத்திருக்கும்போதும் மாட்ட முடிகிற செருப்பு, இவற்றை உடுத்தும் வரிசையிலேயே அடுக்கி வைத்துவிட்டு இறங்குங்கள். உடனே சுடுநீரில் குளிக்காதீர்கள், தோலின் ரத்தக் குழாய்கள் சட்டென்று விரிந்து ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம். மது கூடவே கூடாது. நடுக்கம் அடங்கும்வரை வண்டியும் ஓட்டாதீர்கள்.

2007-இல் லூயிஸ் பியூ என்ற நீச்சல் வீரர் வட துருவத்தில் மைனஸ் 1.7 டிகிரி நீரில் ஒரு கிலோமீட்டர் நீந்தினாரே என்று கேட்பீர்கள். பல வருடப் பயிற்சி, பக்கத்திலேயே ஒரு குழு, அப்படியிருந்தும் விரல்களில் உணர்வு திரும்ப நான்கு மாதம் ஆனது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இதய நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே வேண்டாம். தனியாகவும் போகாதீர்கள். நண்பர்களோடு உட்கார்ந்து சவாலின் விதியை மாற்றுங்கள்: நிமிடக் கணக்கே வேண்டாம், இறங்கி மூச்சு சீரானாலே அன்றைய கணக்கு முடிந்தது, யார் முதலில் ஏறினாலும் மற்றவர்களும் கூடவே ஏற வேண்டும்.