தர்மத்துக்கும் கணக்குக் கேட்ட டிரேடர்

நேயர்களுக்கு வணக்கம். இன்னைக்கு ஜான் ஆர்னால்டுன்னு ஒரு அமெரிக்கரைப் பத்திப் பேசப் போறேன். என்ரான்னு ஒரு எரிசக்தி கம்பெனில இயற்கை எரிவாயு டிரேடரா இருந்தவர், 2001 டிசம்பர்ல அது திவாலாயிடுச்சு, அடுத்த வருஷமே ஹூஸ்டன்ல சென்டாரஸ்னு சொந்தமா ஒரு முதலீட்டு ஃபண்டு ஆரம்பிச்சு கோடி கோடியா சம்பாதிச்சார். கேஸ் விலை ஏறுமா இறங்குமா, அதைக் கணிக்கிறதுதான் தொழில். 2012ல, 38 வயசுல, ஃபண்டை மூடிட்டு, மனைவி லாராவோட சேர்ந்து ஏற்கனவே நடத்திட்டிருந்த அறக்கட்டளைல முழுசா இறங்கிட்டார்.

எதுக்குக் குடுத்தார்னு கேளுங்க, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ஆராய்ச்சி சரியான்னு செக் பண்றதுக்கு!

பேப்பர்ல பாக்குறோம்ல, "ஆய்வில் தகவல்"னு தினம் ஒண்ணு வருது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்துல பிரையன் நோசெக்னு ஒரு உளவியல் பேராசிரியர், பழைய ஆய்வுகளைத் திரும்பச் செஞ்சு பாக்கணும்னு நின்னவர். ஆனா அதுக்கு யாரு காசு தருவா, புதுசா கண்டுபிடிச்சாத்தானே பணமும் பேரும்? ஆர்னால்டு தம்பதி 2013ல அம்பது லட்சம் டாலருக்கு மேல குடுத்தாங்க, அதுக்குன்னே ஒரு மையம் வந்துச்சு. நல்ல ஜர்னல்கள்ல வந்த 100 உளவியல் ஆய்வுகளை எடுத்து, இருநூறுக்கும் மேல ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து மறுபடி செஞ்சாங்க. 2015ல சயின்ஸ் இதழ்ல முடிவு வந்துச்சு. முதல்ல கிட்டத்தட்ட எல்லாமே நிரூபணமானதா வந்த ஆய்வுங்க. மறுபடி செஞ்சப்போ 36 சதவீதம்தான் தேறுச்சு. திரும்பச் சொல்றேன், 36 சதவீதம். மத்ததெல்லாம் பொய்னு அர்த்தமில்ல, ஆனா அதை நம்பித் திட்டம் போட்டுக் காசு இறக்குறதுக்கு முன்னாடி யோசிக்கணும்ல?

டிரேடர் தப்பாக் கணிச்சா அன்னைக்கு சாயங்காலமே நஷ்டம் தெரிஞ்சிடும். தர்மத்துல அப்படி இல்லைங்க, தப்பான திட்டத்துக்குக் குடுத்தாலும் நன்றி சொல்லித்தான் வாங்கிப்பாங்க, வருஷக்கணக்கா யாருக்கும் தெரியாது. அதனாலதான் இந்த வேலையை நான் இவ்ளோ பெருசா மதிக்கிறேன்.

ஆர்னால்டுக்கு எதிர்ப்பும் இருக்கு, அரசு ஊழியர் பென்ஷனை மாத்துற பிரச்சாரங்களுக்கு அவர் பணம் குடுத்ததை யூனியன்கள் கடுமையா எதிர்த்தாங்க, அந்தக் கோபத்துல நியாயம் இருக்குன்னுதான் நானும் நினைக்கிறேன்.

கடைசியா, ஜாமீன் விஷயத்துல இவங்க செஞ்சதை மட்டும் சொல்லிடறேன். கைதானவர் திரும்பக் கோர்ட்டுக்கு வருவாரான்னு பழைய வழக்குத் தகவலை வெச்சு மதிப்பிட ஒரு முறையை இவங்க அறக்கட்டளை உருவாக்குச்சு, நியூ ஜெர்சி மாநிலத்துல 2017லேர்ந்து அதைப் பயன்படுத்துறாங்க, அங்க காசு கட்டி ஜாமீன் வாங்குறது இப்ப ரொம்ப அபூர்வம். வணக்கம்.