எரிச் ஹார்ட்மன்: 352 என்ற எண்ணுக்குப் பின்னால்

அனைவருக்கும் வணக்கம்.

ஜெர்மானியப் போர் விமானி எரிச் ஹார்ட்மன் என்றதும் 352 என்ற எண்ணைத்தான் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் அவர் வீழ்த்தியதாகக் கணக்கில் ஏறிய விமானங்கள் அத்தனை. வேறெந்தப் போர் விமானியும் அதை எட்டவில்லை. ஆனால் அவரை அசகாய சூரர் என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் நிதானக்காரர். அந்த நிதானமும் அடிபட்டு வந்தது.

1942 அக்டோபரில், சோவியத் யூனியனின் காகசஸ் போர்முனையில், இருபது வயதில் முதன்முதலாகச் சண்டைக்குப் பறந்தார். எதிரியைக் கண்டதும், கூட வந்த மூத்த விமானி ரோஸ்மானை விட்டுவிட்டு முன்னால் பாய்ந்தார். சுட்டது ஒன்றும் படவில்லை. பின்னால் வந்த ரோஸ்மானையே எதிரி என்று நினைத்து மேகத்துக்குள் ஓடினார். எரிபொருள் தீர்ந்து, விமானத்தின் வயிறு தரையில் உரச இறங்கினார். தண்டனை, மூன்று நாள் மெக்கானிக்குகளோடு வேலை.

அதே ரோஸ்மானிடம்தான் தொழிலைக் கற்றார். கையில் காயம் இருந்ததால் ரோஸ்மான் சுற்றிச் சுழன்று மோதமாட்டார். காத்திருந்து திடீரென்று அடிப்பார். ஹார்ட்மன் அதை இன்னும் கூர்மையாக்கினார். பார், முடிவெடு, தாக்கு, விலகு. எதிரி விமானம் முன்கண்ணாடியை நிறைக்கும்வரை சுடமாட்டார். அவ்வளவு கிட்டே போனதால் சிதறல்கள் அவர் விமானத்தையே பலமுறை பதம் பார்த்தன. 1943 ஆகஸ்டில் அப்படித்தான் சோவியத் படையிடம் சிக்கினார். பலத்த காயம் போல நடித்து, லாரியிலிருந்து குதித்து, சூரியகாந்தி வயலுக்குள் தப்பினார்.

சரி, 352 எப்படி வந்தது? 1404 முறை பறந்திருக்கிறார். அமெரிக்க, பிரிட்டிஷ் விமானிகளுக்கு இவ்வளவு பறந்தால் ஓய்வு என்று வரம்பு இருந்தது. ஜெர்மானியர்கள் சாகும்வரை, அல்லது போர் முடியும்வரை பறந்தார்கள். இதையும் சொல்லியாக வேண்டும்: அவர் திறமை முழுதும் ஹிட்லரின் ஆக்கிரமிப்புப் போருக்குத்தான் பயன்பட்டது. 1944இல் ஹிட்லர் கையாலேயே வைரப் பதக்கம் வாங்கினார்.

போருக்குப் பின் பத்தாண்டு சோவியத் சிறைவாசம். அப்போது பிறந்த மகன், அப்பா முகம் பார்க்காமலே இறந்துபோனான்.

அப்புறம் மேற்கு ஜெர்மனி விமானப்படையில் சேர்ந்தவர், ஸ்டார்ஃபைட்டர் என்ற ஜெட் போர் விமானத்துக்கு நம் ஆட்கள் இன்னும் தயாராகவில்லை என்று மேலதிகாரிகளிடம் வாதாடினார். கேட்கவில்லை. அந்த விமானத்தில் நூறு விமானிகளுக்கு மேல் இறந்தார்கள். அவரோ 1970இல் முன்கூட்டியே ஓய்வு பெற்று வெளியேறினார்.