சிலந்தியின் சட்டையைத் தூக்கி எறியாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். லண்டனில் எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் ஒரு டாரன்டுலா வளர்கிறது. மெக்சிகோவின் பசிபிக் கரையோரத்துச் சிலந்தி. கறுத்த கால்களில் முட்டிக்கு முட்டி செம்மஞ்சள் பட்டை. விரல்நகம் அளவுக் குஞ்சாக வாங்கியபோது கடையில், "ஆண்தான்" என்றார்கள். கந்தன் என்று பெயர் வைத்தோம். அந்த வயதில் உயிருள்ள சிலந்தியைப் பார்த்து அப்படிச் சொல்வது ஏறக்குறைய ஜோசியம் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஆணோ பெண்ணோ, என்ன வந்தது என்று கேட்பீர்கள். ஆயுள் கணக்குதான். இந்த இனத்தில் பெண் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஆணோ பருவத்துக்கு வந்து கடைசிச் சட்டையை உரித்தபின் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் போய்விடும்.

பருவம் வந்த ஆணைக் கண்டுபிடிப்பது சுலபம். வாயருகே இருக்கும் இரண்டு குட்டைக் கைகளின் நுனி, குத்துச்சண்டைக் கையுறை போல உருண்டிருக்கும். முன்னங்கால்களில் கொக்கி முளைத்திருக்கும். கூடும்போது பெண்ணின் நச்சுப்பல்லைத் தடுத்துப் பிடிக்க அது. ஆனால் அதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிடும். முன்பே தெரிய வேண்டுமென்றால் உரித்த சட்டையைத்தான் பார்க்க வேண்டும்.

ஒருநாள் கந்தன் மல்லாந்து கிடந்ததைப் பார்த்து மாமியார், "ஐயோ, செத்துப்போச்சு" என்றார். மல்லாந்திருந்தால் பெரும்பாலும் சட்டை உரிக்கிறது என்றுதான் அர்த்தம். சாகும் சிலந்தி கால்களை வயிற்றுக்கு அடியில் சுருட்டிக்கொள்ளும். உரிக்கும்போது தொடவே கூடாது. எழுந்து விலகிப் போனபின் நீண்ட இடுக்கியால் சட்டையை எடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அதிலுள்ள மயிர் அரிக்கும்.

காய்ந்த சட்டை தொட்டால் நொறுங்கும். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு ஊறவைத்தால் இளகிவிடும். கசங்கிக் கிடக்கும் வயிற்றுத் தோலைத் தூரிகையால் மெல்ல விரித்து, உட்புறம் மேலே தெரியும்படி வையுங்கள். நான்கு வெள்ளைத் திட்டுகள் தெரியும். நுரையீரல்களின் உறை அவை. கால்கள் இருக்கும் பக்கமாக உள்ள முதல் இரண்டுக்கும் நடுவில், குறுக்குப் பிளவை ஒட்டிப் பாருங்கள். பெண்ணென்றால் மடல் போன்ற ஒரு சிறு பை இருக்கும். தூரிகை நுனியால் நெம்பினால் எழுந்து நிற்கும். ஆணில் அந்தப் பை இருக்காது. சில ஆண்களில் அங்கே சின்ன மேடு தெரிந்து ஏமாற்றும். லென்ஸ் வைத்துப் பார்ப்பது நல்லது.

பெண்ணிடம் இருக்கும் அந்தப் பைதான் விந்துப்பை, கூடியபின் ஆணின் விந்தைச் சேமித்து வைக்கும் இடம். உடலுக்கு உள்ளே இருக்கும் பை வெளித்தோலோடு எப்படி வரும்? அதன் உட்சுவரும் மேலோட்டின் தொடர்ச்சிதான். நாம் போடும் சட்டையின் பையைப் புரட்டி வெளியே இழுப்பது போல அதுவும் கழன்று வந்துவிடுகிறது. சேமித்திருந்த விந்தும் அதோடு போகும். அதனால் கூடிய பெண், முட்டையிடும் முன்பே சட்டை உரித்துவிட்டால் மறுபடியும் ஆணைத் தேடித்தான் ஆக வேண்டும். எனக்கு இந்த ஏற்பாடு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

சரி, எங்கள் கந்தன்? லென்ஸுக்கு அடியில் அகலமான மடல் ஒன்று எழுந்து நின்றது. வள்ளி என்று மாற்றலாம் என்றேன், மகள் விடவில்லை. இப்போது சில வாரமாகக் கந்தன் எதையும் சாப்பிடுவதில்லை. அவளுடைய வயிற்றில் மயிர் உதிர்ந்து வழுக்கையான இடம் கறுத்து வருகிறது. அடுத்த சட்டைக்குத் தயாராகிறாள்.