மூன்றே பொருளில் ஷார்ட்பிரெட்: கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும்

வணக்கம் நண்பர்களே! இன்றைக்கு ஸ்காட்லாந்தின் வெண்ணெய் பிஸ்கட்டான ஷார்ட்பிரெட் செய்யப் போகிறோம். முட்டை கிடையாது, பேக்கிங் பவுடர் கிடையாது, எசென்ஸும் வேண்டாம். சர்க்கரை, வெண்ணெய், மாவு, அவ்வளவுதான். அதனால் தயவுசெய்து டால்டா, மார்ஜரின் பக்கம் போகாதீர்கள். இந்த பிஸ்கட்டின் ருசியே வெண்ணெயில்தான் இருக்கிறது.

அளவு ரொம்பச் சுலபம். ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மாவு. கப் கணக்கு இல்லை, எடைக் கணக்கு. இங்கே 100 கிராம் பொடித்த சர்க்கரை, 200 கிராம் வெண்ணெய், 300 கிராம் மாவு எடுத்திருக்கிறேன். அந்த 300-இல் 250 மைதா, மீதி 50 அரிசி மாவு. அரிசி மாவு நான் நுழைத்த நம்ம ஊர் சரக்கு என்று நினைக்காதீர்கள். ஸ்காட்லாந்திலேயே பலர் சேர்ப்பதுதான். மைதாவை இழுபட வைக்கும் குளூட்டன் என்ற புரதம் அரிசியில் இல்லை, அதனால் கடித்ததும் லேசான நறநறப்போடு உடையும். உப்பு போட்ட வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம்.

வெண்ணெய் மெத்தென்று இருக்க வேண்டும், உருகக் கூடாது. சர்க்கரையும் வெண்ணெயும் நன்றாகக் கலந்ததும் மாவைப் போட்டு விரல் நுனியால் உதிர்த்துவிடுங்கள். இதோ பாருங்கள், புட்டு மாவு பதம். பிடித்தால் பிடிபடுகிறது, தட்டினால் உதிர்கிறது. இங்கேயே நிறுத்திவிடுங்கள், பிசைய வேண்டாம். வெண்ணெய் மாவுத் துகளைச் சுற்றிப் பூசிக்கொண்டு குளூட்டன் இழுபடாமல் தடுக்கிறது. பிசைந்தால் அந்த வேலை வீணாகிவிடும், பிஸ்கட் கடினமாகிவிடும்.

சரி, 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் பட்டர் பேப்பர் போட்டு, மாவை அழுத்திச் சமமாக்கி, முள்கரண்டியால் அடிவரை குத்துங்கள். ஆவி வெளியேற அதுதான் வழி. ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வைத்துவிட்டு, 160 டிகிரி ஓவனில் சுமார் 40 நிமிடம். உங்கள் ஓவனைப் பொறுத்து முன்னே பின்னே ஆகலாம், அதனால் 30 நிமிடத்திலேயே எட்டிப் பாருங்கள்.

வேகும் நேரத்தில் ஒரு விஷயம். ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறையானதே 1958-இல்தான். 16-ஆம் நூற்றாண்டின் புராட்டஸ்டன்ட் மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அங்கே சர்ச் அந்தப் பண்டிகையை ஒதுக்கியே வைத்திருந்தது. கொண்டாட்டமெல்லாம் டிசம்பர் 31 இரவுதான், அதற்கு அங்கே ஹோக்மனே என்று பெயர். நள்ளிரவு தாண்டி வீட்டுக்குள் முதலில் காலெடுத்து வைப்பவர் கறுத்த முடியுள்ள ஆணாக இருந்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். அவர் வெறுங்கையோடு வரக் கூடாது. நிலக்கரி, விஸ்கி, அப்புறம் இந்த ஷார்ட்பிரெட். வருஷம் முழுக்க வீட்டில் கதகதப்புக்கும் சாப்பாட்டுக்கும் குறைவிருக்கக் கூடாது என்ற வேண்டுதல் அது. எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கம்.

ஆகிவிட்டது! நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சள், ஓரத்தில் மட்டும் இளம் பொன்னிறம். இதற்கு மேல் சிவக்க விட்டால் வெண்ணெய் வாசம் அடங்கிவிடும். சூடாக இருக்கும்போதே சர்க்கரை தூவி, விரல் நீளத்துக்கு வெட்டிவிடுங்கள். ஆறிய பிறகு வெட்டினால் நொறுங்கும். ஆனால் தட்டிலிருந்து எடுப்பது முழுக்க ஆறிய பிறகுதான்.

காற்றுப் புகாத டின்னில் இரண்டு வாரம் நன்றாக இருக்கும். 22, 23 தேதி வாக்கில் செய்துவைத்தால் கிறிஸ்துமஸுக்கும் ஆச்சு, புத்தாண்டுக்கும் ஆச்சு. செய்து பார்த்துவிட்டு உங்களுக்கு என்ன நிறம் வந்தது என்று கமெண்டில் சொல்லுங்கள்.